நாலு நாட்டுப் பண்டாரி

உலகத்தில் கிட்டார் வாசிக்கிறவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். ஒன்றுக்கு நாலு எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு முழுப் பாட்டுக்கூட வாசிக்காமல் காலம் தள்ளியவர், கடல் தொட்ட ஊர்களிலேயே எங்கள் தூத்துக்குடிப் பண்டாரி ஒருத்தர்தான்.

கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்போம். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும். ஓய்வு பெற்று வந்தபோது, உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாம் டிவியும் கம்பளமும் கொண்டுவந்து இறக்க, இவர் நாலு கிட்டார் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நாலும் ஒரே கம்பெனி. ஒரே வடிவம், ஒரே சிவப்பு. ஒன்று அமெரிக்காவில் செய்தது, ஒன்று ஜப்பான், ஒன்று மெக்ஸிகோ, இன்னொன்று இந்தோனேஷியா. கிட்டார் தலைக்குப் பின்னால் பொடி எழுத்தில் நாட்டுப் பெயர் இருக்கும். "கண்ணு காதை ஏமாத்திரும் வே" என்று அதன் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டித் தொழிலைத் தொடங்கினேன். இன்றைக்கு வேம்பாரிலிருந்து புன்னைக்காயல் வரை என் ஸ்பீக்கர் பாடாத கோயில் கொடையும் கிடையாது, சப்பரமும் கிடையாது. என் செட் போட்டால் மணப்பாட்டு மீனுக்கும் கேட்கும் என்று ஒரு காலத்தில் நானே சொல்லித் திரிவேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவர் பண்டாரி.

ஒரு திருவிழாவில் நான் வைத்த சத்தத்துக்கு ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு கும்பிட்டார்கள். கும்பிடுவதற்குக் கை போதவில்லை. பண்டாரி மேடைக்குப் பின்னால் வந்து என் தோளைத் தொட்டார். "வே, சத்தம் உப்பு மாதிரி. கூடிட்டுன்னா அள்ள முடியாது. குறைச்சுப் போட்டுட்டு ருசி பாரும்." அன்றைக்கு அவர் சொன்னபடி குறைத்தேன். பக்கத்துத் தெருக்காரர்கள் மறுவருஷமும் என்னையே கூப்பிட்டார்கள். இன்றைக்கு எனக்கு இருக்கிற பேரில் பாதி அந்த உப்புப் பேச்சு போட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என் கடைக்கு ஒரு கிட்டாரோடு வந்துவிடுவார். வெறும் வயிற்றில்தான் வருவார். சாப்பிட்டால் காது மந்தமாகிவிடுமாம். என் ஆம்ப்ளிஃபையரில் சொருகி, 'டொய்ங்' என்று ஒரே ஒரு மீட்டு. கண்ணை மூடி, குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல நாக்கைச் சப்புக்கொட்டிக் கேட்பார். "ஜப்பான்காரன் இன்னைக்குக் கொஞ்சம் புளிக்கான்" என்பார். பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார்.

உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க, ஒவ்வொரு பெட்டியிலும் அரிசி மூட்டை ஒன்று கட்டிப் போட்டிருந்தார். நாலுக்கும் ஒரே அரிசி போடவேண்டும், ஒன்றுக்குப் பச்சரிசியும் ஒன்றுக்குப் புழுங்கலுமாகப் போட்டால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது என்று அவருக்குச் சட்டம். வீட்டில் அரிசி தீர்ந்தால் மதினி, அதாவது அவர் மனைவி, அமெரிக்காவை அவிழ்த்து உலையில் போட்டுவிடுவார்கள்.

ஒரு கல்யாண வரவேற்பில் கிட்டார்காரப் பையனுக்குக் கம்பி அறுந்துபோனது. செட் என்னுடையது, மானமும் என்னுடையது. பண்டாரியிடம் ஓடினேன். ஒரு கிட்டார் கேட்டால் நாலையும் கொண்டுவந்து மேடையில் வரிசையாகச் சாய்த்து, "மாப்பிள்ளைக்கு எந்த நாடு வேணும்?" என்றார். நாலையும் மீட்டிக் காட்டி அவர் விளக்கி முடிப்பதற்குள் பந்தி இரண்டு சுற்று முடிந்துவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை, "பெரியவரே, எது பக்கத்துல இருக்கோ அதைக் கொடுங்க" என்றான். "அது நாடு இல்லியே" என்றார் பண்டாரி.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒருநாள் சோதனை வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வீட்டில் இருக்கிற ஒரே கட்டில் அறையில், கட்டில் மேல் நாலு நாடும் படுத்திருந்தன.

"ஒண்ணை வச்சுக்கிட்டு மூணை வித்துருங்க" என்றார்கள் மதினி.

"எதைன்னு முடிவாகலியே, ஒப்பீடு நடந்துக்கிட்டுல்லா இருக்கு."

"பிள்ளை பொறந்து காலேஜுக்குப் போற வரைக்கும் நடக்குமா? சரி, கண்ணைக் கட்டிக்கிட்டு இது இன்ன நாடுன்னு சொல்லிருங்க. நாலும் வேற வேறன்னு நானும் ஒத்துக்கிடுதேன், நாலும் இருக்கட்டும். சொல்ல முடியலைன்னா நாலும் ஒண்ணுதான். மூணு போகட்டும்."

நான் ஆம்ப்ளிஃபையரோடு போனேன். நடுவர் நான்தான். கொடியில் மதினியின் பழைய சேலையைக் கட்டி, அதற்குப் பின்னால் கிட்டாரோடு நான் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் கண்ணில் துண்டோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பண்டாரி. மதினி அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சீலா மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் கிட்டாரை மீட்டினேன். பண்டாரி வெகுநேரம் யோசித்து, "அமெரிக்கா" என்றார். அடுத்ததற்கு "ஜப்பான்". மூன்றாவதை இன்னொரு தடவை மீட்டச் சொல்லிவிட்டு "இந்தோனேஷியா" என்றார். நாலாவதற்கு மிச்சம் இருந்த மெக்ஸிகோவைச் சொன்னார்.

நான் ஒவ்வொன்றாக டேப்பை உரித்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். எத்தனையோ மேடையில் மைக் பிடித்தவன், அன்றைக்கு ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத்தான் வாய் திறந்தேன்.

"அண்ணாச்சி, நாலும் தப்பு."

அவர் துண்டை அவிழ்க்கவே இல்லை. "எதை வச்சுக்கிடலாம் வே?" என்று மட்டும் கேட்டார். குழந்தைகளில் எது வேண்டும் என்று கேட்டதுபோல இருந்தது.

அரிவாள்மணை சத்தம் நின்றது. மதினி கையில் மீன் தலையோடு வந்து நின்றார்கள்.

"நாலுமா தப்பு? ஏங்க, மொதல்ல அடிச்சது இந்தோனேஷியாங்க. அலுமினியச் சட்டி மாதிரி டப்புனு நின்னுபோவுமே. ரெண்டாவது அமெரிக்கா. வெங்கலப் பானை, அடிச்சு முடிச்சும் பேசிக்கிட்டே கெடக்கும். மூணாவதுக்குத் தொண்டை கட்டுன சத்தம், மெக்ஸிகோ. கடைசி ஜப்பான், அது எப்பவும் மரியாதையாத்தான் பேசும். இது கூடவா தெரியல?"

நான் டேப்பைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

"மதினி, பெயரை நான் இன்னும் வாய்விட்டுச் சொல்லலியே. நீங்க பாக்கவும் இல்லை."

"பாக்க வேற செய்யணுமாக்கும். இத்தனை வருஷமா வீட்டுலயும் விடிஞ்சா அடைஞ்சா டொய்ங் டொய்ங்னு கேட்டு என் காது தேஞ்சு போச்சு."

"அப்போ நாலும் வேற வேறதானே?" என்றேன் நான்.

மதினி கையிலிருந்த சீலா மீன் தலையை, அதுதான் காட்டிக்கொடுத்ததுபோல முறைத்தார்கள்.

"கட்டில் எனக்கு வேணும். இதுகளை எங்கன மாட்டுவியளோ மாட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். போகிற போக்கில் அவர் கண்ணிலிருந்த துண்டை அவிழ்த்தார்கள். அவ்வளவு மெதுவாக அவிழ்க்கிற முடிச்சாக அது எனக்குத் தெரியவில்லை.

வாசல் வரை என்னோடு வந்த பண்டாரி சொன்னார்: "பயத்துல காதுக்குள்ள கடல்தான் வே கேட்டுச்சு."

இப்போது நாலும் மாதா படத்துக்குக் கீழே சுவரில் தொங்குகின்றன. பேத்தி தொட்டில் ஜப்பானுக்கு நேர் கீழே. அந்த இடத்தைச் சொன்னது மதினி. புது ஸ்பீக்கர் எது வாங்கினாலும் முதலில் அந்த வீட்டில்தான் கொண்டுபோய் வைப்பேன், கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு. பண்டாரி கண்ணை மூடிச் சப்புக்கொட்டி அவர் பாட்டுக்குப் பேசுவார். நான் தலையாட்டிக்கொண்டே, அடுப்படியில் மதினியின் கரண்டிச் சத்தம் எப்போது நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பேன். அவரும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்.