வேற்றுக்கிரகத்தில் வாணவேடிக்கை

எல்லாவற்றையும் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார்கள். அணைத்த அடுப்பை மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். எதற்காக வெளியே புறப்பட்டார்களோ அதை மட்டும் மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருக்கிறது. மொன்றியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வந்திறங்கும் சரக்கைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டிலும் அதையே சம்பளம் இல்லாமல் செய்கிறேன். நாட்குறிப்பில்கூட முதலில் அன்றைய வெப்பநிலையை எழுதிவிட்டுத்தான் மனிதர்களைப் பற்றி எழுதுவேன். (எங்கள் கல்யாண நாளின் குறிப்பும் அப்படித்தான் தொடங்குகிறது. மனைவி ராணி அதை இன்னும் மன்னிக்கவில்லை.)

அப்பேர்ப்பட்ட நான், சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகலில், வில்லரேயில் உள்ள எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிரகத்தின் மீது நடந்த படையெடுப்பைக் கோயில் திருவிழா என்று மொழிபெயர்த்தேன்.

அக்காவுக்காகத்தான் அப்படிச் செய்தேன்.

ஜெசிந்தா அக்கா அந்த இலையுதிர்காலத்தில்தான் மன்னாரிலிருந்து கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். இங்கே பனி அள்ளும் லொறிகள் வருவதற்கு முன், தெருவோரக் கார்களை எடுக்கச் சொல்லிச் சைரன் ஊதுவார்கள். மொன்றியலில் பிறந்த குழந்தை அதற்குப் புரண்டுகூடப் படுக்காது. அக்காவோ கடவுச்சீட்டு வைத்த கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலடியில் வந்து நிற்பார்.

"ஒண்டுமில்லை அக்கா, பனி அள்ளுறாங்கள்" என்பேன்.

"ஓம், தெரியும்" என்பார். பையைக் கீழே வைக்கமாட்டார்.

பூசைக்குத் தவிர வெளியே வரமாட்டார். அங்கேயும் ஒருவரோடும் கதைப்பதில்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, குறை நினையாதை. ஈஸ்டர் முடிய எனக்கு டிக்கட் போட்டுவிடு. நான் போறன்."

அங்கே ஒரு பூட்டிய வீட்டைத் தவிர அக்காவுக்கு யாரும் இல்லை. அந்த வீட்டில் அவர் தனியே இருப்பதை நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது நாலு பேரோடு பழகவிட்டால் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பங்கில் குடும்பங்களுக்காக ஒரு படம் போடலாம் என்ற பேச்சு வந்தது. படம் தெரிவு செய்வது, மண்டபம் ஒழுங்கு செய்வது, பிரெஞ்சு தெரியாத பெரியவர்களுக்கு உடனுக்குடன் தமிழில் சொல்வது, மூன்றையும் நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

தெரிவில் நான் காட்டிய கவனம் இருக்கிறதே! துவக்குச் சூடு வரும் படம் வேண்டாம். கடல் வேண்டாம். அழுகிற தாய்மார் வேண்டவே வேண்டாம். ஒரு சமையல் படத்தைக்கூட, மீனைக் கண்டால் அக்காவுக்கு ஊர் நினைவு வரும் என்று தள்ளிவைத்தேன். கடைசியில் நூலகத்தில் ஒரு பொம்மைப் படம் அகப்பட்டது. மூன்று கண்ணும் தொந்தியுமாகச் சின்னப் பச்சை உருவங்கள், ஒளிவிடும் செடிகளுக்கு நடுவே கைகோத்து நின்றன. 'அமைதியே வடிவான ஒரு கிரகம்' என்று அட்டையின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. (அந்த வசனம் 'ஆனால்' என்று தொடர்ந்ததை நூலகத்தின் ஸ்டிக்கர் மறைத்திருந்தது. பிறகு உரித்துப் பார்த்தேன்.) வேற்றுக்கிரகத்தில் அக்காவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க வழியில்லை என்று கணக்குப் போட்டு, எடுத்து வந்தேன்.

அன்று மண்டபத்தில் கதிரைகளை நூல் பிடித்தமாதிரி அடுக்கினேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் தடக்கி விழாதபடி வயர்களைத் தரையோடு ஒட்டினேன். புரொஜெக்டரின் பிளக்கை யாரும் பிடுங்கமுடியாதபடி அலமாரிக்குப் பின்னால் செருகி, அலமாரியைச் சுவரோடு தள்ளிவைத்தேன். ரிமோட் தொலைந்துவிடக்கூடாது என்று வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"இஞ்சருங்கோ, படத்தைப் போட்டுப் பாத்தனீங்களோ?" என்று ராணி கேட்டாள்.

"பொம்மைப் படமப்பா. அதிலை என்னத்தைப் பாக்கிறது?"

அக்காவை முன்வரிசையில் நடுவில் இருத்தினேன். நழுவிப் போக முடியாது. பக்கத்தில் சூசை அண்ணை. பங்கிலேயே மூத்தவர், படம் ஓடும்போது வாய் மூடாதவர்.

முதல் அரைமணி நேரம் சொர்க்கம். பச்சை உருவங்கள் செடிகளுக்குப் பாட்டுப் பாடின. ஒன்று கால் தடுக்கிக் கூழ்ப்பானைக்குள் விழுந்தது. அக்கா சிரித்தார்! வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மைக்கில் என் குரல் தானாகவே கம்பீரமாகிவிட்டது.

அப்போது திரையில் வானம் இருண்டது. பெரிய பெரிய இரும்புக் கப்பல்கள் இறங்கின.

"ஆரப்பா இவங்கள்?" என்றார் சூசை அண்ணை.

மனிதர்கள். பூமியைப் பாழாக்கிவிட்டு, குடியேற வேறு இடம் தேடி வந்த மனிதர்கள். அவர்களின் தளபதி நல்ல சுத்தமான பிரெஞ்சில், "இனி இது எங்கள் மண்" என்றான். நான் அக்காவைப் பார்த்தேன். சிரிப்பைக் காணவில்லை. கைப்பை மடியில் ஏறியிருந்தது.

"விருந்தாளிகள்" என்றேன் மைக்கில். "பூமியிலையிருந்து விருந்தாளிகள் வந்திருக்கினம்."

"எதுக்காம்?"

"திருவிழாவுக்கு."

திரையில் முதல் குண்டு வெடித்தது.

"வாணவேடிக்கை" என்றேன்.

ஒரு குடிசை பற்றி எரிந்தது.

"வாணக்காரர் புது ஆக்கள் போலை. கொஞ்சம் பிழைச்சுப்போச்சு."

பச்சைச் சனம் குஞ்சு குருமான்களைத் தூக்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடியது.

"மாதா சுரூபம் வருகுது. எல்லாரும் பாக்க ஓடினம்."

"நோ, அங்கிள்!" சூசை அண்ணையின் பேத்தி கதிரையில் ஏறி நின்றாள். "அவை மெஷான்! எல்லாரையும் கலைக்கினம்!" (கெட்டவர்களை எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள்.)

"பிள்ளை, எனக்கும் பிரெஞ்சு தெரியும். இருங்கோ."

"தெரிஞ்சால் ஏன் பொய் சொல்றீங்கள்?"

மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து ராணி 'நிப்பாட்டுங்கோ' என்று கழுத்தில் கையை வைத்துக் காட்டினாள். எப்படி நிறுத்துவது? அலமாரியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். நான் பாதுகாப்பில் வைத்த அந்த ரிமோட்டுக்கு மெட்ரோ மாறி வீட்டுக்குப் போக வேண்டும். தளபதி கப்பலின் மேல்தட்டில் நின்று ஒலிபெருக்கியை எடுத்தான்.

"எல்லாரையும்..." மைக்கை மறுகைக்கு மாற்றினேன். "எல்லாரையும் கீழை வெளிக்கு வரட்டாம். விருந்து வைக்கினமாம்."

அக்கா எழுந்தார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். நேரே கதவுக்குப் போவார், வீட்டுக்குப் போவார், பிறகு மன்னாருக்குப் போவார். இனி எத்தனை படம் போட்டாலும் திரும்பி வரமாட்டார். ஆனால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை. பையைச் சூசை அண்ணையின் மடியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மேலை நிண்டுகொண்டு ஒருத்தனும் விருந்துக்குக் கூப்பிடமாட்டான், தம்பி. குடு இஞ்சை."

மைக்கை வாங்கி, திரையைப் பார்த்துச் சொன்னார்: "இவன் என்ன சொல்றான் எண்டால், பயப்படாதேங்கோ, எல்லாம் உங்கட நன்மைக்குத்தான். சாமான்களை வைச்சிட்டு வெளியை வாங்கோ. வராத ஆக்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை."

"ஓம்! அப்பிடித்தான் சொல்றான்!" என்று கத்தினாள் பேத்தி. "அன்ரிக்குப் பிரெஞ்சு தெரியுமோ?"

"இதுக்கு என்னத்துக்குப் பிள்ளை பிரெஞ்சு?"

அங்கிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மொழியில் அந்த அறிவிப்பை முன்பே கேட்டவர்கள். அவர்களிடமிருந்து அதை மறைக்க அரும்பாடுபட்டவன் நான் ஒருவன்தான்.

"போகாதேங்கோடா!" என்றார் சூசை அண்ணை, கடித்த றோல்ஸைத் திரைக்கு நீட்டி.

அதற்குப் பிறகு அது படமாக இல்லை. அக்கா கிரகத்தின் பாதுகாப்பைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். "குட்டியளை நடுவிலை விடு. தண்ணிப் பானையை எடு முதல். அந்த விளக்கை நூரு, வெளிச்சம் தெரியக்கூடாது!" பின்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பச்சை உருவம் பின்னால் வந்த சிப்பாயைக் கவனிக்காமல் நின்றபோது அக்காவுக்குப் பொறுக்கவில்லை: "அடே, மூண்டு கண் வைச்சிருக்கிறாய், ஒண்டாலை எண்டாலும் பின்னாலை பாரன்!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் அலமாரியில் சாய்ந்து நின்று, யாரும் கேட்காத குரலில் சரியான மொழிபெயர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கப்பல்கள் திரும்பிப் போயின. எல்லோரும் கைதட்டினார்கள், அக்காவைத் தவிர.

"இவங்கள் திரும்பி வருவாங்கள். ரெண்டாம் பாகம் இருக்கோ?"

"இருக்கு, அன்ரி!" என்றார்கள் பிள்ளைகள்.

மெட்ரோவில் ராணி தூங்கிவிட்டாள். நான் மெல்லத் தொடங்கினேன். "அக்கா, படத்தை முதலே பாத்திருக்கவேணும். என்ர பிழை."

"விடு. நீ பயந்த பயத்திலை எனக்குப் பயப்பட நேரம் கிடைக்கேல்லை." பிறகு சொன்னார்: "வந்த நாள் துவக்கம் எல்லாரும் என்னைச் சுத்தி மெதுவாக் கதைக்கிறியள், கண்ணாடிச் சாமானைச் சுத்தி நடக்கிறமாதிரி. இண்டைக்குத்தான் சனத்தோட சேந்து கத்தினன். நல்லாயிருந்தது."

"அப்ப டிக்கட்?"

"ரெண்டாம் பாகத்தைப் பாத்திட்டுச் சொல்றன்."

அந்த நிம்மதியில் நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். இந்த நகரத்தில் எனக்கு அது முதல்முறை. அன்றைய நாட்குறிப்பில் வெப்பநிலை எழுதவும் மறந்துபோனேன்.

இரண்டாம் பாகம் போட்டோம். மூன்றாவதும் போட்டோம். டிக்கெட் பேச்சு பிறகு எழவேயில்லை. மைக் நிரந்தரமாக அக்காவிடம் போய்விட்டது. என் வீட்டில் கறி அடிப்பிடித்தாலும், நான் காரைத் தூணில் இடித்தாலும் அதற்குப் பெயர் வாணவேடிக்கைதான்.

போன மாதம் பங்குக்கு ஒரு பிரெஞ்சுக் குருவானவர் வந்து நீண்ட பிரசங்கம் வைத்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். நான் வாய் திறப்பதற்குள், முன்வரிசை வாங்கிலிருந்து சூசை அண்ணை மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "ஜெசிந்தா, என்னவாம்?"

"முடிக்கப்போறனெண்டு இன்னும் மூண்டு தரம் சொல்லுவார், அண்ணை. வடிவாச் சாஞ்சு இருங்கோ."

குருவானவர் நான்கு தரம் சொன்னார். அக்காவுக்கு ஒன்று பிழைத்துவிட்டது என்று வீட்டில் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.