முதல் வரியில் நின்ற படை

பாடகியாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அலுமாரி நிறையப் பொன்னாடை சேரும், சம்பளச் சீட்டு மட்டும் சேராது. குடிபெயர்ந்து வந்த நாட்டில் வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கி அதிகாரி நிலையான வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டார். கோயில் திருவிழா, பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்திய வீடு, சனிக்கிழமைப் பாட்டு வகுப்பு என்று அடுக்கினேன். (பொன்னாடைகளைக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.) அவர் சிரித்த முகத்துடன் கோப்பை மூடிவிட்டார்.

என் கணவருக்கோ அப்போது கூப்பிட்டால் மட்டும் வேலை. எனவே சொந்த வீட்டுக் கனவு முழுவதும் என் தொண்டையில் தொங்கியது.

ஒருநாள் அவர் போனைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "இஞ்சாரும், இந்த நாட்டு ஆமி பாண்டுக்குப் பாட்டுக்காரர் எடுக்கினமாம். மாசாமாசம் சம்பளம், லீவு, எல்லாம் இருக்கு."

"ஆமியோ?" ஊரில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற காலம் நினைவுக்கு வந்தது.

"நீர் பாடத்தானே போறீர், சண்டைக்கோ போறீர்?"

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் கத்தினார். "ஆமிக்குப் பயந்துதானே உன்னை அங்க அனுப்பினனான். நீ அங்க போய் ஆமியிலயே சேரப்போறியோ?"

தேர்வுக்கென்று ஓர் அணிவகுப்புப் பாட்டின் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார்கள். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அதையே பாடி, மகள் "அம்மா, ப்ளீஸ் ஸ்டாப்" என்று கதவைச் சாத்தும் அளவுக்குத் தேறினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் எங்கும் சீருடை. பழைய பழக்கத்தில் கை தானாகவே கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. யாரும் கேட்கவில்லை. வாத்தியக் குழுவை நடத்தும் சார்ஜன்ட், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய பெண்மணி, தானே தண்ணீர் கொண்டுவந்து தந்து, "அவசரமில்லை, ஆயத்தமானதும் சொல்லுங்கள்" என்றார்.

தலையசைத்தேன். அவர் கையை உயர்த்தினார். அத்தனை பேரும் ஒரே மூச்சாகத் தொடங்கிய அழகை என்ன சொல்ல! (எங்கள் கச்சேரிகளில் சுருதி சேர்ப்பதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம்.) அந்தச் சந்தோசத்தில் முதல் வரி எனக்கு மிக நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. நன்றாக வந்த வரியை எங்கள் ஆட்கள் இலேசில் விடமாட்டோம். சங்கதி போடுவோம், அதே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் ஒரு புது நெளிவோடு. வாத்தியங்கள் இரண்டாம் வரிக்குப் போய்விட்டன. நான் தொடையில் தாளம் தட்டியபடி முதல் வரியிலேயே நின்றேன்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார், விரலை வட்டமாகச் சுழற்றினார். முழுக் குழுவும் ஒரு பிசிறில்லாமல் முதல் வரிக்குத் திரும்பி வந்தது. ஆகா, இவர்களுக்கும் சங்கதி தெரியுமே என்று எண்ணி இன்னும் நான்கைந்தைப் போட்டேன். போதாததற்கு, மிருதங்கக்காரருக்குக் காட்டுவதுபோல் டிரம்காரருக்கு "இனி நீங்கள்" என்று கைகாட்டினேன். அந்தப் பிள்ளை வேர்க்க விறுவிறுக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாசித்தார்!

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "இப்படியொரு முதல் வரியை நான் கேட்டதேயில்லை," என்றார் சார்ஜன்ட். "ஆனால் நீங்கள் பாடினால் எங்கள் படை முகாம் வாசலைத் தாண்டாது."

வெளியே காருக்குள் கணவர் காத்திருந்தார். "என்ன மாதிரி?"

"முதல் வரி நல்லா வந்தது."

"மிச்சம்?"

"மிச்சத்துக்குப் போகேல்லை." சார்ஜன்ட் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

என் கண்ணீரைப் பார்த்து, வேலை கைநழுவிய கவலை என்று அவர் நினைத்தார். அது பாதிதான். சீருடை போட்டவர்கள் எனக்காகக் காத்து நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும்.

பிறகு கணவரின் வேலை நிரந்தரமாகி, பிளாக்டவுனில் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். குடிபூரலன்று பால் பொங்கும்வரை என்னைப் பாடச் சொன்னார்கள். புதுக் குசினி, சொந்தக் குசினி, முதல் வரி அபாரமாக வந்தது. பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து நிலத்தில் ஓடியது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் கணவர், வந்தவர்களைப் பார்த்து. "படை இன்னும் வெளிக்கிடேல்லை."

இன்றைக்கும் நாங்கள் எங்காவது புறப்படும்போது நான் தாமதித்தால் வாசலிலிருந்து அதே வசனம் வரும். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகள், இதை மட்டும் சுத்தத் தமிழில் சொல்வாள்.