கம்பெனி பேரில் ஒரு நாற்காலி

ஒரு வேலையை நேராகச் செய்து முடித்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திருத்தணியில் எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு சின்ன வீட்டை வாங்கியபோதும் அப்படித்தான். வாடகைக்கு விடவேண்டியதுதானே? (அது சாதாரண ஆட்கள் செய்வது.)

யூடியூபில் கோட் போட்ட ஒருவர் பயமுறுத்தினார். குடியிருப்பவர் மாடிப்படியில் விழுந்து கேஸ் போட்டால் நம் சொந்த வீடும் போய்விடுமாம். எல்.எல்.பி. என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, வாடகை வீட்டை அதன் பேரில் வைத்தால் தப்பிக்கலாமாம். நான் வாங்கிய வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனாலும் பயந்தேன்.

நைனாவுக்கு வேறு யோசனை. கரும்பு டிராக்டர் ஓட்டிய காலத்திலிருந்து அவருக்கு ஒரே சிநேகிதர், மெக்கானிக் காதர் பாய். பாய் குடியிருந்த வீட்டை இடிக்கப்போவதால் வேறு வீடு தேடிக்கொண்டிருந்தார்.

"காதருக்குக் குடுத்துடுடா. உங்கம்மா போனதுலேர்ந்து சாயந்தரமானா செவுத்தப் பாத்துகினு உக்காந்துகினு இருக்கேன்" என்றார் நைனா.

"ஆங், குடுத்துடலாம் நைனா. கம்பெனி விஷயம் முடியட்டும்."

பாயே நேரில் வந்து கேட்டார். கோட் போடாத குறையாக விளக்கினேன். "வீடு கம்பெனி பேருக்கு மாறணும் பாய். அப்புறம்தான் சொல்ல முடியும்."

பாய் சிரித்தார். "நெறைய வீட்ல கேட்டுட்டேன் தம்பி. எம்பேரக் கேட்டதும் சொந்தக்காரங்க குடிவராங்கன்னுடுவாங்க. கம்பெனி வருதுன்னு நீதான் மொதல்ல சொல்ற."

நானும் கூடவே சிரித்தேன். (ஜோக் அடிக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு அறிவு!) நைனா சிரிக்கவில்லை.

ஒருவழியாக ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். "ஒரே ஒரு வீட்டுக்கா சார்? கம்பெனிக்குக் கணக்கு எழுதியே வாடகை கரைஞ்சிடும். ஒழுங்கா ஒரு அக்ரிமென்ட், இன்சூரன்ஸ், அது போதும்" என்று அனுப்பிவிட்டார்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் பாய் அரக்கோணத்தில் மகள் வீட்டுக்கே போய்விட்டிருந்தார். அங்கேயும் போனேன். டீ கொடுத்து, "நாங்க இங்கயே இருந்துக்கறோம் தம்பி. உனக்கெதுக்குத் தொந்தரவு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. 'உங்க பேருக்காக இல்ல பாய்' என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்! டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சின்ன வீட்டில் இப்போது ஒரு பேங்க்காரர் இருக்கிறார். நல்ல மனிதர், சாயந்தரம் கதவைச் சாத்திக்கொள்வார். நைனா மட்டும் தினமும் வாசலில் இரண்டு நாற்காலி போடுகிறார். ஒன்றில் அவர். இன்னொன்றில் யார் உட்காரப்போனாலும் கையை நீட்டித் தடுப்பார்.

"அது கம்பெனி பேர்ல இருக்குதுபா."

வீடே சிரிக்கும். நானும் நின்றுகொண்டே சிரிப்பேன்.