குதிருக்குள் இருந்த இத்தாலி

திருக்கோகர்ணத்தில் அய்யாக்கண்ணுவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இத்தாலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். உலகச் சண்டையில் பட்டாளத்துச் சமையலாளாகப் போய், கப்பலேறி, இத்தாலி வரைக்கும் கரண்டி பிடித்துவிட்டு வந்த மனுசன். இப்போது காபி கிளப்பில் சரக்கு மாஸ்டர். வடை தட்டும்போதும் முதுகை வளைக்க மாட்டார். அது பட்டாளத்து முதுகு.

அங்கே தெருவெல்லாம் தண்ணீர், மாட்டுவண்டிக்குப் பதில் படகு என்று அவர் சொன்னால் ஊர் வாயைப் பிளந்து கேட்கும். கேட்காத ஆள் ஒருத்தர்தான். அவர் சம்சாரம் உண்ணாமலையின் அண்ணன் அடைக்கலம். கீரனூரில் போலீஸ் ஏட்டு. அதிலும் மதுவிலக்குப் போலீஸ். மூன்று தெரு தள்ளிச் சாராய ஊறல் போட்டிருந்தாலும் இந்தத் தெருவில் நின்று மூக்கை உறிஞ்சி, எந்த வீடு என்று சொல்லிவிடுவார்.

அந்த ஏட்டு ஒரு காதுகுத்து வீட்டில், முழுப் பந்தியும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டார்.

"ஏன் மாப்ளே, நீங்க நெசமாவே இத்தாலி போனீங்களா? இல்ல, பம்பாயிலயே உருளைக்கெழங்கு உரிச்சிட்டுத் திரும்பிட்டீங்களா?"

பந்தி சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அய்யாக்கண்ணுவுக்குக் காது சூடாகிவிட்டது. "மச்சான்! வெனிசுங்கிற ஊர்ல தொரைமாரு குடிக்கிற பானம் ஒண்ணு இருக்கு. பீச்சுப் பழத்தை நசுக்கி, நொரை பொங்குற திராட்சை ரசத்தை மேல ஊத்துவான். ரோசாப்பூ கணக்கா நிக்கும். இந்தக் கையால கலக்கித் தாரேன். குடிச்சுப்புட்டுப் பேசுங்க."

"வைகாசி கடைசி ஞாயித்துக்கிழமை வாரேன். நம்புறாப்புல இருந்தா, தெருவுல நின்னு நானே சொல்றேன், மாப்ளே இத்தாலி போனது சத்தியம்னு. இல்லேன்னா, இனிமே நீங்க இத்தாலிங்கிற பேச்சையே எடுக்கப்படாது."

இத்தாலியை எடுத்துவிட்டால் அய்யாக்கண்ணுவிடம் மிச்சம் இருப்பது வடை மட்டும்தான். சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நின்றாள்.

"திராட்சை ரசம்னா என்னங்க? சாராயமா?"

"சீச்சீ. இத்தாலியில பச்சப்புள்ளைக்குக்கூடச் சோத்தோட குடுப்பான்."

"எங்க அண்ணன் பச்சப்புள்ள இல்லீங்க. ஏட்டு."

"ஏட்டுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"அது ஒண்ணுதாங்க தெரியும். பேசாம ஞானமணி கடை கோலிச்சோடாவை ஊத்திக் கலக்குங்க. அதுவும்தான் பொங்குது."

"ஏ புள்ள! சோடாவை ஊத்தினா அது இத்தாலியா? அது ஞானமணி கடை! செஞ்சா அசலாத்தான் செய்வேன். அந்த ருசி என் நாக்குல நிக்குது."

அந்த ருசி அவர் நாக்குக்கு எப்படி வந்தது என்பது உண்ணாமலைக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் அவரே உளறியதுதான். ஒரு கேப்டன் துரை குடித்துவிட்டு வைத்த கிளாசைக் கழுவ எடுத்துப் போனாராம். அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்ததாம். அம்புட்டுத்தான். இத்தனை வருசத்துப் பெருமையும் அந்த ஒரு வாயில் கட்டியது.

லாரி ஓட்டுகிற நாகராசு திண்டுக்கல்லிலிருந்து ஒரு கூடை பச்சைத் திராட்சை கொண்டுவந்து போட்டார். அய்யாக்கண்ணு நசுக்கினார், வடிகட்டினார், புளிக்க வைத்தார், கொஞ்சம் சர்க்கரை போட்டு மூன்று சீசாவில் அடைத்தார், தக்கையை இறுக்கிக் கம்பியால் கட்டினார். யார் கண்ணிலும் படாமல் நெல் குதிருக்குள் புதைத்தார்.

நாலாம் நாள் உண்ணாமலை கேட்டாள். "என்னங்க, குதிருக்குள்ள புஸ்ஸுபுஸ்ஸுன்னு சத்தம்?"

"நெல்லு மூச்சு விடுது."

"எங்க அப்பன் வீட்டு நெல்லு ஒருநாளும் மூச்சு விட்டதில்லையே!"

"அது ஒங்க ஊரு நெல்லு. சோம்பேறி நெல்லு."

எட்டாம் நாள் மத்தியானம் குதிருக்குள் வெடித்தது. டமார்! வீடு பூராவும் நெல் மழை. அய்யாக்கண்ணு மீசையில் ஏழெட்டு நெல் தொங்கியது.

"என்னங்க அது?"

"எலி."

"எலி துப்பாக்கி வெச்சிருக்கா?"

அவர் குதிருக்குள் கையை விட்டார். மிச்சம் இரண்டு சீசா இருக்கிறதே என்று தடவிப் பார்த்துக்கொண்டார். உண்ணாமலை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சிந்திய நெல்லை நிதானமாகக் கூட்டி அள்ளினாள். பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை என்றால் புருசன்மார் பயப்பட வேண்டும். இத்தாலியாருக்கு அந்தப் புத்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல்நாளே நாகராசு கொடைக்கானல் பீச்சுப் பழம் ஒரு டஜன் இறக்கியிருந்தார். மிளகாய் வாசம் போகட்டும் என்று அய்யாக்கண்ணு அம்மியை நாலு தடவை கழுவினார். பழத்தை அரைத்து, புது வேட்டித் துணியில் பிழிந்து, ஈர மணலில் சட்டியைப் புதைத்துக் குளிர வைத்தார். குதிரிலிருந்து இரண்டு சீசாவையும் எடுத்து அந்த மணலிலேயே நட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு மச்சானை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

திரும்பி வரும்போது தொழுவத்துப் பசு லெச்சுமி ஒரு மாதிரியாக நின்றது. காலை அகட்டிக்கொண்டு, கண் பாதி மூடி, எதையோ ஒத்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டியது.

"மாட்டுக்கு என்ன தங்கச்சி?" என்றார் அடைக்கலம்.

"வெயிலுண்ணே" என்றாள் உண்ணாமலை.

அய்யாக்கண்ணு மாட்டைப் பார்க்கிற நிலையில் இல்லை. சீசாவை எடுத்தார், தக்கையைத் திருகினார். டப்! பழச்சாற்றின் மேல் ஊற்றினார். நுரை தம்ளர் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தது. ரோசாப்பூ நிறமேதான்.

ஏட்டின் மூக்கு தம்ளருக்குள் போனது.

அப்போதுதான் இத்தாலியாருக்கு உறைத்தது, யாருக்கு எதை ஊற்றிக் கொடுத்திருக்கிறோம் என்று. ஏட்டு ஒரு தடவை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார்.

"மாப்ளே... இது தேவாமிர்தம்!"

அய்யாக்கண்ணுவுக்குப் போன உயிர் வந்தது. தன் தம்ளரை ஒரே மூச்சில் கவிழ்த்தார். "அதே ருசி! மச்சான், அட்சரம் பிசகாம அதே வெனிசு ருசி!" இரண்டாவது தம்ளரில் அவருக்கு முழங்கால் லேசாகிவிட்டது. மூன்றாவதில் நாக்குப் புரண்டது. படகுக்காரன் பாட்டு என்று எதையோ இழுத்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், தூணு ஏன் ஆடுது?" என்று அழுதார்.

அடைக்கலம் முகம் மாறியது. "என்ன தங்கச்சி, மாப்ளே தள்ளாடுறாரு?"

"சந்தோசம் வந்தா அவருக்கு அப்படித்தாண்ணே. நீங்களும் மூணு தம்ளர் குடிச்சிருக்கீங்களே, ஒங்களுக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

ஏட்டு யோசித்தார். ஒரு நீளமான ஏப்பம் விட்டார். "ஏப்பந்தான் வருது." பெரிய மனுசர், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாசலில் இறங்கி நின்று, தெரு கேட்கக் கத்தினார். "என் மாப்ளே இத்தாலி போனது சத்தியம்! இனிமே எவனாச்சும் சந்தேகப்பட்டா எங்கிட்ட வாங்க!"

தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. அய்யாக்கண்ணு நெஞ்சு ஒரு முழம் ஏறியது.

மச்சானை பஸ் ஏற்றிவிட்டு, தள்ளாடித் தள்ளாடி அடுப்படிக்கு வந்தார்.

"பாத்தியா புள்ள? ஏட்டு மூக்கையே ஏமாத்திப்புட்டேன். அசல்ன்னா அசல்தான். தலை எப்புடிக் கிறுகிறுங்குது தெரியுமா?"

உண்ணாமலை விறகுக்குப் பின்னாலிருந்து நாலு காலிச் சீசாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கோலிக்குண்டு உருண்டது.

"நேரமிருந்தா இதை ஞானமணி கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க. ஒங்க சீசாவுல இந்தச் சோடாவோட ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டேன்."

அய்யாக்கண்ணுவுக்குக் கிறுகிறுப்பு பட்டென்று நின்றது. தள்ளாட்டம் நின்றது. தூணும் நின்றது.

"அப்ப... என் ரெண்டு சீசா ரசம்?"

"நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனப்ப கழுநீர்த் தொட்டியில கவுத்தேன்." தொழுவத்துப் பக்கம் தாடையைக் காட்டினாள். லெச்சுமி கட்டுத்தறியில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ விடை கொடுக்கிற மாதிரி நீளமாக ஒரு ம்மா சொன்னது.

"நீங்க பார்த்தது ஒரு வாய்தாங்க. இந்த வீட்டுல இத்தாலியை முழுசாப் பார்த்தவ அவதான்."