கபிரியேல் வீட்டைத் தூத்த கூலி

ஒரு கைக்கடிகாரம் வாங்கியே தீருவது என்று நான் முடிவு செய்த அன்று என் சட்டைப் பையில் பதினொரு அணா இருந்தது. கடிகாரத்தின் விலை முப்பது ரூபாய். பழையதுதான். ஆனால் ஓடுகிற பழையது.

நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பெயர் நீலகண்டன். கோட்டாற்றில் வாடகை வீடு. சம்பளம் ஒன்றாம் தேதி என் கையில் இறங்கி, ஒன்றாம் தேதியே என் மனைவி கோமளவல்லியின் கைக்கு ஏறிவிடும். கோமளம் என்றால் மென்மை என்று அகராதி எழுதியவர்கள் அவளைப் பார்த்ததில்லை.

இப்படி நான் இருக்கும்போதுதான் 1953 ஐப்பசியில் பம்பாயிலிருந்து கபிரியேலின் கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. கபிரியேல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கப்பல் கம்பெனி வேலையாகக் குடும்பத்தோடு போய் ஆறு வருஷமாகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி எங்களிடம். சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருவதாகவும், அதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து வைக்க ஆள் பார்க்கும்படியும் எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'என்ன கூலி கொடுக்கலாம் என்று நீங்களே நிர்ணயித்து எழுதுங்கள். வந்ததும் கையில் தந்துவிடுகிறேன்.'

நீங்களே நிர்ணயித்து! என் வீட்டில் கத்தரிக்காய் விலையைக்கூட என்னை நிர்ணயிக்க விட்டதில்லை.

நியாயமாகப் பார்த்தால் ஆறு ரூபாய் வேலை. நான் பேனாவை எடுத்துப் பத்து என்று எழுதினேன். பிறகு வவ்வால்கள் ஞாபகம் வந்தன. பதினைந்து. கிணற்றில் விழுந்த சருகுக்கு ஐந்து. மச்சுக்கு ஐந்து. மச்சுக்கு ஏறும் ஏணிக்கும் ஐந்து. பாம்பு இருக்கலாம் என்பதற்கு ஐந்து, இல்லாமல் போனால் தேடின கூலி ஐந்து. நாற்பதில் கை தானாக நின்றது. மனசாட்சி அல்ல, மை தீர்ந்துவிட்டது.

பத்தாம் நாள் கபிரியேலிடமிருந்து பதில் வந்தது. சம்மதம் என்று ஒரே வரி. எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஆறு ரூபாய்க்கு ஆளைப் பிடித்தால் முப்பத்து நாலு மிச்சம். கோமளத்திடம் மூச்சுவிடவில்லை.

எங்கள் தெருவில் வீடு தூத்துப் பெருக்கித் துடைக்கிற முத்துக்கனியை ரோட்டில் மறித்து, ஆறு ரூபாய் தருவதாகச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு ரூவா ஆக்கும் ஐயா."

முப்பத்தெட்டா என்று கேட்டேன். வவ்வால் இருக்கு, மச்சு இருக்கு, கிணறு இருக்கு என்று என் பட்டியலையே எனக்கு ஒப்பித்தாள். கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றதற்கு, பாம்பு இருந்தா யாரு பதில் சொல்லுவா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளையடிக்கிற சிலுவையிடம் போனேன். அவனும் முப்பத்தெட்டு என்றான். ஒரு அணா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோட்டாற்றில் கூலி இவ்வளவு ஏறிவிட்டதே என்று நான் நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டேனே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியில் நானே இறங்குவது என்று துணிந்தேன். வக்கீலிடம் வயிற்றுக் கடுப்பு என்று மூன்று நாள் லீவு. வீட்டில் திருவனந்தபுரத்தில் ஆபீஸ் காரியம் என்று ஒரு பொய். கோமளம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பைக்குள் ஒரு பழைய துண்டும் கொஞ்சம் நல்லெண்ணெயும் வைத்துத் தந்தாள். திருவனந்தபுரத்தில் தூசி ஜாஸ்தி என்றாள்.

விடியற்காலையில் பஸ்ஸுக்குப் போகிற மாதிரிப் போய், தெருவைச் சுற்றி வந்து, கையோடு எடுத்து வந்த பின்வாசல் சாவியால் திறந்து கபிரியேல் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அந்த மூன்று நாளை எப்படிச் சொல்ல? கதவைத் திறந்ததும் நாற்பது வவ்வால்கள் என் தலைக்கு மேல் வெளியேறின. ஆளுக்கு ஒரு ரூபாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒட்டடை அடித்தால் பாதி என் வாய்க்குள் போயிற்று. மச்சிலிருந்து கூடை கூடையாக எச்சம் இறக்கினேன். கிணற்றுச் சருகை வாரி முதுகு ஒடிந்தது. பாம்பு இல்லை, ஆனால் கடைசிவரை இருக்குமென்றே பயந்தேன். ஏத்தம்பழம் தின்று தண்ணீர் குடித்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் மதிலுக்கு அந்தப்புறம் கோமளம் உள்ளித்தீயல் குழம்பு தாளித்தாள். பெருக்கிக்கொண்டிருந்த வாரியலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அடுக்களைக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்தது. துண்டை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டேன். கபிரியேலின் மனைவி ராகேல் உள்ளே வந்தாள். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவள் பின்னால், தலையில் பூவோடு, கோமளம்.

ராகேல் தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரக்கா இது என்று கேட்டாள்.

"கூலிக்கு வந்த ஆளு," என்றாள் கோமளம். "வாய் பேசாது. வேலை மட்டும் செய்யும்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். வக்கீல் குமாஸ்தா நீலகண்டன் கரியும் எச்சமுமாக நிற்கிறான் என்று ஊருக்குத் தெரிவதைவிட ஊமையாக இருப்பது மேல்.

வீடு கண்ணாடி மாதிரி இருப்பதாக ராகேல் மெச்சினாள். "அண்ணன் கடுதாசியில நாப்பதுன்னு பாத்ததும் நான் பதறிப்போயி உங்களுக்கு எழுதினேம்லா? இப்பம் பாத்தா அது குறைவுதான்," என்று சொல்லி, நாலு பத்து ரூபாய் நோட்டைக் கோமளத்தின் கையில் கொடுத்தாள். அண்ணன் எங்கே என்று விசாரித்தாள். திருவனந்தபுரத்தில் இருப்பதாகக் கோமளம் வருத்தத்தோடு சொன்னாள்.

ராகேல் கிணற்றைப் பார்க்கப் பின்னால் போனதும் கோமளம் என் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"முப்பத்தெட்டு சொல்லச் சொன்னது நாந்தான். ரெண்டு ரூவா மிச்சத்துக்கு நீங்க அடுத்த ஆளுக்கு விட மாட்டிய, நீங்களே எறங்குவியன்னு எனக்குத் தெரியும்."

என் உழைப்பு என்று நான் முனகினேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு ரூபாயை எண்ணி என் கரிக் கையில் வைத்தாள்.

"இது ஆறு ரூவா வேலைன்னு முத்துக்கனிகிட்ட நிர்ணயம் பண்ணினது நீங்கதானே? சும்மா முப்பத்தெட்டுன்னு சொன்னதுக்கு அவளுக்கும் ஆறு, சிலுவைக்கும் ஆறு. மிச்சம் வீட்டுக்கு."

நான் மூன்று நாள் சுமந்ததற்கும், அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதற்கும் ஒரே கூலி. பேசவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ராகேல் திரும்பி வந்துவிட்டாள்.

தேங்காய்ப்பட்டணத்தில் அவள் தங்கச்சி வீடு ஒன்று நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதாம். கடல் மண் முழங்கால் அளவு ஏறிக் கிடக்கிறதாம். இந்த ஆள் கிடைப்பாரா என்று கேட்டாள்.

கோமளம் கொஞ்சம் யோசித்தாள். மண் அள்ள வேண்டியிருப்பதால் அறுபதுக்குக் குறையாது என்றாள். ராகேல் சரி என்றாள். எப்போது வருவாரோ என்றாள்.

"ஞாயித்துக்கிழமை சும்மாத்தான் இருப்பாரு," என்று சொல்லிவிட்டுக் கோமளம் என் முகத்தைப் பார்த்தாள். "என்னா, வருவியாப்பா?"

ஊமை என்ன செய்வான்? தலையை ஆட்டினேன்.