எங்கள் வீட்டுக் குழாயில் கனநீர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். வாண்டு இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கினால்தான் எனக்கு இரண்டு கை இருப்பதே ஞாபகம் வருகிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. நான் இருக்கும் வீட்டில் போன் பேசினால் கீழே வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்துப் பேசியதாகிவிடும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். முதல் பாதி பொய் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்.

எல்லாம் தண்ணீரில் தொடங்கியது. எங்கள் கட்டடத்து போர் தண்ணீர் உனக்குத் தெரியும். சோப்பு நுரைக்காது, கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும், வாண்டுக்குத் தலை குளிப்பாட்டினால் சீப்பில் முடி கொத்தாக வருகிறது. கொத்து என்றால் நாலு முடி என்கிறார் உன் அத்தான். அவர் தலையில் மிச்சமிருப்பதை வைத்துக் கணக்கிட்டால் நாலு முடியே ஒரு கொத்துதான். தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக் கேட்டு என் வாய்தான் மென்மையானது. இந்த வருடம் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான். எல்லாரும் கை தட்டுகிறார்களே என்று நானும் தட்டினேன். தேர்ந்தெடுத்தது என்னைத்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சரி, அதிகாரம்தான் கையில் இருக்கிறதே என்று ஒரு நோட்டீஸ் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். "நமது ஆழ்துளைக் கிணற்றில் கனநீர் வருகிறது. குழந்தைகள் பாதிக்கப்படுகின்றனர். ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கூடி முடிவெடுப்போம்."

கடினநீர் என்று எழுத வேண்டும், தம்பி. எனக்குத் தெரியும். படித்தவள்தான். ஆனால் நீ போன் பண்ணும்போதெல்லாம் உங்கள் அணுமின் நிலையத்தில் கனநீர் பம்ப் மாற்றினோம், கனநீர் மட்டம் பார்த்தோம் என்றே சொல்லிச் சொல்லி, தண்ணீர் என்று நினைத்தாலே என் பேனாவிலிருந்து அதுதான் வருகிறது. பாதிப் பழி உனக்கு.

அன்றைக்குச் சாயங்காலமே மூன்றாம் மாடி டியூஷன் டீச்சரிடம் இயற்பியல் படிக்க வரும் பிள்ளைகள் படியில் நின்று அதைப் படித்துவிட்டு, "அணு உலையில ஊத்துறதுதானே கனநீர்?" என்று பேசிக்கொண்டே மேலே போயிருக்கிறார்கள். கீழே கதவிடுக்கில் வீட்டுக்காரம்மா. அந்த அம்மாவுக்கு அணு தெரியாது, உலை தெரியும், உன்னையும் தெரியும். போன தடவை வந்தபோது தொட்டியின் மிதவை வால்வைச் சரி செய்கிறேன் என்று டார்ச்சும் கையுமாக மொட்டை மாடி ஏறினாயே, அதையும் பார்த்திருக்கிறார். இருந்தாலும் ஆதாரம் வேண்டுமே என்று வாண்டுவைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து விசாரணை நடத்தியிருக்கிறார்.

"உங்க மாமா என்ன வேலை பார்க்கிறாரு கண்ணு?"

"உலை வைக்கிறாரு."

"சமையல் வேலையா?"

"இல்ல பாட்டி. அணுவை டம்முனு உடைப்பாரு. அப்புறம் கனநீர் ஊத்துவாரு. எங்க வீட்டுக்கு வந்தப்பகூட தொட்டியில கை விட்டாரு."

முடிந்தது கதை. நீ ஒருமுறை வாண்டுவுக்குக் கோலிக்குண்டு வைத்து அணுப்பிளவு சொல்லிக்கொடுத்தாயே, ஒரு நியூட்ரான் போய் யுரேனியத்தை இடித்தால் அது இரண்டாக உடையும், உடையும்போது இன்னும் இரண்டு மூன்று நியூட்ரான் தெறிக்கும், அவை போய் அடுத்ததை உடைக்கும் என்று, அது எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது எங்கள் மாடிப்படியே பாடம் நடத்திவிட்டது. வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தையை முதல் மாடியில் எறிந்தார். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று வீடு இரண்டாகி ஆளுக்கொரு வார்த்தையை மேலே எறிந்தார்கள். நான் துணி காயப்போட ஏறுவதற்குள் எட்டு வீட்டிலும் பற்றிக்கொண்டது. வேகமாக ஓடும் நியூட்ரானை விட மெதுவாக நடப்பதுதான் நன்றாகப் பிளக்கும், அதற்காகத்தான் கனநீரை ஊற்றி வேகத்தைத் தணிக்கிறோம் என்றாயே, அதுவும் சத்தியம். ஓடிக்கொண்டே சொன்ன வதந்தி யார் காதிலும் ஏறவில்லை. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று நிதானமாகச் சொன்னதுதான் ஒவ்வொரு வீட்டையும் உடைத்தது. நியூட்ரானை விழுங்கித் தொடர்வினையை அடக்கக் கட்டுப்பாட்டுக் கோல் என்று ஒன்று உண்டல்லவா, அது எங்கள் வீட்டில் உன் அத்தான். எதைச் சொன்னாலும் உள்ளே போகும், ஒன்றும் வெளியே வராது. "பார்க்கலாம்" என்றார். என்ன பிரயோஜனம், அந்தக் கோல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் மாடிப் பல் டாக்டரைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது குழாயைத் திறக்கிறாராம். நேற்று அந்த அங்கியோடு படியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவரிடம், டாக்டர், கனநீரே ஆனாலும் அது தண்ணீர்தான், ஹைட்ரஜனில் ஒரு நியூட்ரான் கூடுதல், தானாகக் கதிர் வீசாது என்று சொன்னேன். "அப்ப கனநீர்தான்னு ஒத்துக்கறீங்க?" என்றார். இந்த டாக்டரும் வீட்டுக்காரம்மாவும் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்காக முகம் பார்க்காதவர்கள். இரண்டு லேசான அணுக்களை ஒன்றாக இணைப்பது பிளப்பதை விடக் கஷ்டம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், சூரியனுக்குள் இருப்பதைப் போன்ற வெப்பம் வேண்டும், அதை வைத்து மின்சாரம் விற்கும் நிலையம் இன்னும் எங்கேயும் வரவில்லை என்று நீ அணு இணைவைப் பற்றிச் சொல்வாய். இவர்கள் இருவரையும் இணைக்க என் நோட்டீஸ் ஒன்றே போதுமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போனேன். வாண்டுவின் பால் குக்கரையும் கெட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். ஒருவகை உலை இந்தக் கெட்டில் மாதிரி, உள்ளே கொதிக்கும் தண்ணீரின் ஆவியே நேராகப் போய்ச் சக்கரத்தைச் சுழற்றும். இன்னொரு வகை இந்தப் பால் குக்கர் மாதிரி, சுற்றுச்சுவருக்குள் இருக்கும் தண்ணீர் சூட்டை மட்டும் பாலுக்குக் கொடுக்கும், பாலோடு கலக்காது, உலையில் அதை அழுத்தத்தில் வைத்திருப்பதால் கொதிக்கவும் கொதிக்காது. என் தம்பியின் உலையும் இந்த ஜாதிதான், தண்ணீருக்குப் பதில் கனநீர், அது நியூட்ரானை அதிகம் விழுங்காது, அதனால் யுரேனியத்தைச் செறிவூட்டாமல் அப்படியே போடலாம் என்று, நீ சொன்னதையெல்லாம் ஒரு மூச்சில் ஒப்பித்தேன்.

வீட்டுக்காரம்மா பொறுமையாகக் கேட்டார். "கடைசியில எல்லாம் வெந்நீர் போடத்தானா?"

"ஆமாங்க. ஆவி வரணும், சக்கரம் சுத்தணும்."

"இதுக்குப் போய் அணுவை உடைக்கணுமா? ஹீட்டர் வாங்கி வைக்க வேண்டியதுதானே."

"ஹீட்டருக்குக் கரண்ட் அங்கேருந்துதாங்க வருது."

டாக்டர் அங்கியைச் சரி செய்துகொண்டார். "பார்த்தீங்களா, சாமானையெல்லாம்கூட வீட்டுலயே வச்சிருக்காங்க" என்று என் பால் குக்கரைக் காட்டினார். அதற்குப் பிறகு கடினநீர், எழுத்துப்பிழை என்று நான் கத்தியதெல்லாம் அந்த அறைக்குள் எங்கேயோ காணாமல் போனது. வீட்டுக்காரம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்குல்ல. ஒண்ணு தண்ணி மாறணும், இல்ல நீங்க மாறணும்."

நான் எங்கே போவேன் தம்பி? எதிர்ச் சாரியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வாண்டு இப்போதுதான் அழாமல் போகிறாள். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் பால்கனி தெரியும், அங்கே என் சிவப்புத் துண்டு தொங்கினால் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம், அந்தத் துண்டை நம்பித்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வேறு வீடு போனால் துண்டை எங்கே தொங்கவிடுவது? ஆகவே எப்படியாவது ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வா. எட்டு வீட்டுக்கும் முன்னால் நின்று, இது கனநீர் இல்லை, சோப்பு நுரைக்காத சாதாரணத் தண்ணீர் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல். கோலிக்குண்டு வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஷிப்ட்டில் கண்ணசராதே. எல்லாரும் அசரலாம், நீ பார்க்கும் வேலைக்கு ஆகாது. உன் அத்தான் தூக்கத்திலேயே உன்னை விசாரித்தார். வாண்டு மாமாவுக்கு ஒரு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: விடிந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வராதே. காலையில் வீட்டுக்காரம்மா ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, "எங்கயும் போயிடாதீங்க, அக்ரிமெண்ட்டை இன்னைக்கே புதுப்பிச்சிடலாம்" என்கிறார். மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. போர் தண்ணீரை இனி யாரும் வீணாக்கக் கூடாதாம், எல்லா வீட்டுக்கும் லாரியில் நல்ல தண்ணீர் வந்து இறங்கிவிட்டது, சோப்பு அப்படி நுரைக்கிறது. என்ன நடந்தது என்று டியூஷன் டீச்சரைப் படியில் பிடித்துக் கேட்டேன். "கனநீர் என்ன விலை போகும்னு அந்தம்மா கேட்டாங்க. லிட்டர் பல ஆயிரம் ரூபாய்னு விலையை மட்டும் சொன்னேன். உங்க தண்ணி அதுதான்னு நான் சொல்லலையே" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். டாக்டர் இப்போது பங்குதாரர், அங்கியைக் கழற்றிவிட்டார். தண்ணீரை விலைக்கு வாங்கிப்போக உங்கள் ஆபீஸ் டேங்கர் எப்போது வரும் என்று இருவரும் கேட்கிறார்கள். எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உலகத்தில் எந்தத் தண்ணீரை எடுத்தாலும் அதில் ஒரு பொட்டுக் கனநீர் கலந்துதான் இருக்கும் என்று ஒருமுறை சொன்னாயே, அது நிஜம்தானே? நிஜம் என்றால் என் நோட்டீஸில் பிழையே இல்லை. அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்து. சீக்கிரம் பதில் போடு.