ராசியில்லாத கையும் நாற்பது டன் உருளைக்கிழங்கும்

செம்மல் வருகிறார் என்றதும் எங்கள் ஆபீசில் கழிவறையைக்கூடத் தேய்த்துக் கழுவினார்கள். அவர் செய்த அற்புதங்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

முழுப் பட்டம் 'தொடக்கச் செம்மல்'. எந்த மெஷினை எந்த வரிசையில் எழுப்பினால் உருப்படும் என்று கணித்துச் சொல்கிற மகான். படித்தவர்கள் நாங்கள், நாற்பது பேர், வாசலிலிருந்து மாடிப்படி வரை கால்கடுக்க நின்றோம். அக்கவுண்ட்ஸ்காரர் தன் பழைய லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். செம்மல் அதைத் தடவிக் கொடுத்தார். அது அந்த நிமிஷமே அணைந்து போனது. தோஷம் நீங்கித் தூங்குகிறது என்றார். எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

இவரை ஏன் கூப்பிட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு எடை மெஷின் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டதும் கெர்னல் என்கிற தலைமைப் புரோகிராம் கண்விழித்து, திரை, விளக்கு, பஸ்ஸர், மின்சப்ளை, எடை சென்சார் என்று ஒவ்வொரு பாகமாக எழுப்பும். ஒவ்வொன்றையும் மேய்ப்பதற்கு ஒரு டிரைவர்; அதுவும் புரோகிராம்தான். அதில் எடை சென்சாரின் டிரைவரை எழுதியவன் அடியேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறக்கத்தான் பார்த்தேன்.

சில மாதமாகக் காலையில் மெஷின்களுக்குப் பித்துப் பிடித்தது. தட்டில் ஒற்றை உருளைக்கிழங்கை வைத்தால் நாற்பது டன் என்று காட்டும். எடுத்துவிட்டால் மைனஸ் எட்டு டன். அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. மேனேஜருக்குத் தூக்கம் போனது. புரோகிராமைப் பார்க்கச் சொல்வதற்குப் பதிலாகச் செம்மலைப் பார்க்கப் போனார்.

செம்மல் பிற்பகல் மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினார். டிரைவர்களின் பெயருக்கு எண் கூட்டினார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். சத்தத்திலிருந்துதானே உலகமே பிறந்தது, ஆகவே பஸ்ஸர்தான் முதலில் எழ வேண்டுமாம். அப்புறம் விளக்கு, அப்புறம் திரை. மின்சப்ளையும் அதற்கடுத்து சென்சாரும் பழையபடி கடைசியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனது பண்ணினார். சுவிட்சைத் தொடும் விரலுக்கு ஆளுக்கொரு செப்பு மோதிரம் வேறு. அதன் விலை என் மனைவிக்கு இன்னும் தெரியாது.

மெஷின் கீச்சென்று கத்திக்கொண்டு எழுந்தது. உருளைக்கிழங்கு, நூற்று எண்பது கிராம். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே உருளைக்கிழங்கு, அதே நாற்பது டன்.

செம்மல் அசரவில்லை. சுவிட்சைப் போட்டது யார் கை என்று போனிலேயே கேட்டார். சோதனை அக்காவின் கை. தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, சோதனை அறையைத் திறந்து, மெஷின்களைப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. மோதிரம் வாங்காத ஒரே ஆளும் அவர்தான். "அது ராசியில்லாத கை. அது தொட்டா என் வரிசை வேலை செய்யாது" என்றார் செம்மல். அதற்கு ஆதாரமும் இருந்தது, போங்கள். நாங்கள் பதினோரு மணிக்கு ஆடி அசைந்து வந்து போட்டால் ஒழுங்காக எழும். அவர் போட்டால்தான் மக்கர் செய்யும். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

அக்கா என்னிடம் வந்து, சென்சார் டிரைவரை ஒருதரம் பார்க்கிறாயா தம்பி என்று கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அக்கா என்று மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னேன். பழி என் டிரைவர்மேல் விழாமல் அவர் கைமேல் விழுந்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. வெட்கக்கேடுதான். மூடநம்பிக்கைக்கு முட்டாள்கள் மட்டும்தான் தீனி போடுகிறார்கள் என்று யார் சொன்னது? என்னைப் போன்ற கெட்டிக்காரர்களும் போடுகிறோம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் செம்மல் மறுபடி வந்தார், அந்தக் கை பட்ட சுவிட்சுகளைச் சுத்திகரிக்க. கூட்டமும் கூடியது. வேலையை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய்துகொள்கிறேன் என்று அக்கா கேட்டார். செம்மல் தாராளமாகத் தலையாட்டினார்.

அக்கா கேன்டீன் பிரிட்ஜைத் திறந்து மூன்று மெஷின்களை எடுத்துவந்தார். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, காலையிலேயே பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அலமாரியிலிருந்து இன்னும் மூன்று. குளிர்ந்த மூன்றையும் செம்மல் முன் வரிசையாக வைத்தார்.

செம்மல் ஒன்றைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "என்னம்மா இது, ஜில்லுன்னு இருக்கு?"

"ஏங்க, உங்க ராசிக்கு ஜில்லுன்னு இருந்தா ஆகாதா?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வார்? மோதிர விரலால் போட்டார். நாற்பது டன். இரண்டாவது, முப்பத்தேழு டன். மூன்றாவது மெஷின் உருளைக்கிழங்கே இல்லை என்று அடித்துச் சொன்னது. பஸ்ஸர் மட்டும் மூன்றிலும் மங்களகரமாகக் கத்தியது.

அக்கா அலமாரி மெஷின்களை வெறும் விரலால் போட்டார். மூன்றிலும் நூற்று எண்பது கிராம். பிறகு செம்மல் போட்ட மூன்றையும் ஜன்னலோர வெயிலில் அரை மணி நேரம் வைத்து, தன் கையாலேயே அணைத்துப் போட்டார். நூற்று எண்பது, நூற்று எண்பது, நூற்று எண்பது.

செம்மல் பிரிட்ஜ் பார்த்திருக்கும் திசை சரியில்லை என்று ஆரம்பித்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அக்கவுண்ட்ஸ்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரைத் துரத்த, மகான் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற அறை அது. விடியும்போது மெஷின்கள் விறைத்துக் கிடக்கும்; நாங்கள் வருகிற பதினோரு மணிக்குள் குளிர் விட்டுவிடும். குளிரில் மின்சப்ளை நிதானத்துக்கு வரக் கூடுதல் நேரம் பிடிக்கும். என் டிரைவரோ அது தயாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல், தன் முறை வந்ததும் எடை போட உட்கார்ந்துவிடும். வரிசையில் முன்னால் நிற்பவன் எழுந்தாயிற்றா என்று பார்க்காமல், என்ன வரிசை போட்டு என்ன பிரயோஜனம்? எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். மின்சப்ளை தயார் என்று சொல்லும் வரை காத்திரு என்று கெர்னலிடம் சொல்லும் நாலு வரி எழுதினேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டு, திங்கட்கிழமை எப்போதும்போல வந்துவிடுங்கள் என்றார் அக்காவிடம். அப்புறம் கேட்டார்: "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"பதினோரு தடவை சொன்னேன் சார். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லல, அதான் உங்களுக்குக் கேக்கல."

உங்கள் இடத்திலும் ஏதாவது பழுதாகும். யாராவது ஒரு மகான் வந்து இன்னொருவர் கையைக் காட்டுவார். கைதட்டுவதற்கு முன்னால் மெஷினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்கிறதா சுடுகிறதா என்று. அதற்கு எந்தக் கையும் போதும்.